சனி இரவு ஆட்டம், திங்கட்கிழமைக் கால்

பிசியோதெரபி வேலையில் திங்கட்கிழமைக்கென்றே சிலர் வருவார்கள். வீங்கிய கணுக்கால், திரும்ப மறுக்கும் கழுத்து, படி இறங்கினால் குத்தும் முழங்கால். "ஏதாவது விளையாடினீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். கொஞ்சம் பேசிய பிறகுதான் சனிக்கிழமை கிளப்பில் நள்ளிரவு தாண்டியும் நடனம் ஆடிய கதை வெளியே வரும். அதை உடலுழைப்பாகவே அவர்கள் நினைப்பதில்லை. எனக்கோ பல விளையாட்டுகளைவிட அது கடினமாகத் தெரிகிறது.

மேடையில் ஆடுபவர்கள் உடம்பைத் தயார்படுத்திக்கொண்டுதான் இறங்குகிறார்கள். நல்ல அரங்குகளில் அவர்களுக்கு அதிர்வைத் தாங்கும் மரத்தளமும் இருக்கும். கிளப்பில் பெரும்பாலும் கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ். குதிக்கும் ஒவ்வொரு முறையும் கெண்டைக்காலும் முழங்காலும்தான் அந்த அடியை வாங்குகின்றன.

சிந்திய பானம் ஈரமாக இருந்தால் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது காய்ந்து பிசுபிசுப்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பாதம் தரையில் ஒட்டி நிற்க, உடம்பு மட்டும் சுழன்றால் முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். "டப்பென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்திலேயே வீங்கிவிட்டது" என்று யாராவது சொன்னால், முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்திருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகிப்பேன்.

ஹை ஹீல்ஸ் விஷயம் வேறு. கணுக்கால் மூட்டுக்குள் உட்காரும் எலும்பு முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருக்கும். குதிகால் உயர உயர, குறுகலான பகுதி மூட்டுக்குள் வந்து பிடிப்பு தளர்ந்துவிடும். அப்போது பாதம் உள்பக்கம் மடங்கினால் வெளிப்பக்க ஜவ்வுதான் முதலில் அடிபடும்.

இவற்றைவிட என்னை வருத்துவது, அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடுவது. மது வலியை மறைக்கிறது, கூடவே நிதானத்தையும் குறைக்கிறது. லேசான சுளுக்கோடு முடிந்திருக்க வேண்டியது அடுத்த பாட்டுக்கு ஆடும்போது பெரிதாகிவிடும். கால் பிசகினால் அந்த இரவுக்கு அதோடு போதும், உட்காருங்கள்.

ஆடவே வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அந்த மகிழ்ச்சியும் உடம்புக்குத் தேவைதான். தட்டையான, பிடிப்பான ஷூ போடுங்கள், முதல் சில பாட்டுக்குக் குதிக்காமல் மெதுவாக ஆடுங்கள், நடுநடுவே உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள் என்பேன். தலையை வேகமாக ஆட்டும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் குறைக்கச் சொல்வேன். கழுத்து அதற்காகப் படைக்கப்பட்டதல்ல.

அடிபட்ட காலை ஊன்றி 4 அடி வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா? அப்புறம் தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். விடிய விடிய ஆடிய பிறகு தசைவலி தாங்க முடியாமல், சிறுநீரும் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். திங்கட்கிழமை வரை பொறுத்திருந்து என்னிடம் வராமல், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.