எங்கள் வீட்டு ஒடியா

மகள் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. கல்யாண வீடு, மார்த்தாண்டம் சந்தை, பஸ் ஸ்டாண்ட் என்று எங்கே போனாலும் தெரிந்தவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "பிள்ளை தமிழ் பேசுதா?" பேசுகிறாள். எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படியே அவள் நாக்கில் வந்துவிட்டது. என் கவலை இப்போது வேறு. அதை யாரும் கேட்பதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவளைத் தத்தெடுத்தது ஒடிசாவில் இருந்து, அப்போது எட்டு வயது முடிந்திருந்தது. பெயரும் படமும் போடமாட்டேன், தன் கதையை யாரிடம் சொல்வது என்பதை வளர்ந்தபிறகு அவளே முடிவுசெய்யட்டும். பதிவு செய்தபோது எனக்கு 44, என் கணவருக்கு 47. இரண்டில் இருந்து நான்கு வயதுக்குள் உள்ள குழந்தை வேண்டுமென்றால் தம்பதியின் வயதைக் கூட்டி 90-க்குள் இருக்கவேண்டும் என்பது காரா (தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) விதி, எட்டைத் தாண்டிய பிள்ளைக்கு 110 வரை போகலாம். ஆனால் கணக்கில் ஒன்று கூடிப்போனதால் மட்டும் பெரிய பிள்ளையைக் கேட்கவில்லை. பெரிய பிள்ளைகளைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு என்று தெரிந்தேதான் கேட்டோம். "சின்னதா எடுத்திருந்தா ஒட்டிக்கிடும்லா" என்று சொன்ன சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் அதனிடமும் சம்மதம் கேட்பார்கள். இவளிடம் அவள் மொழியான ஒடியாவில் கேட்டார்கள். அவள் எங்களைப் பார்க்காமல், குழந்தைகள் இல்லத்தில் தன்னை வளர்த்த மாவுசியைப் பார்த்து ஏதோ சொன்னாள். மாவுசி என்றால் சித்தி. "நீயும் வருவியா" என்று கேட்டிருக்கிறாள். வரமுடியாது, ஆனால் போனில் பேசலாம் என்று எல்லாரும் சேர்ந்து சொன்னபிறகுதான் தலையாட்டினாள். தத்து ஆணையைக் கொடுத்தது மாவட்ட ஆட்சியர், 2022 செப்டம்பரில் இருந்து நீதிமன்றத்துக்குப் போகவேண்டியதில்லை. அப்புறம் விவேக் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவள் ஒரு சொல் பேசவில்லை.

முதல் வாரங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து, போர்வையை நான்காக மடித்து வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள், யாராவது கூப்பிடும்வரை. சாப்பாட்டு நேரம் ஆனால் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அடுக்களைச் சுவரை ஒட்டி நிற்பாள். முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை, அவள் மட்டும் வரிசையில் நின்றாள். உட்கார் என்று சொல்ல எனக்கு ஒடியா தெரியாது. தோசை, இட்லி, ஆப்பம் எதுவும் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் என் மாமியார் திண்ணையில் பழங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், சின்ன வெங்காயமும் காந்தாரி மிளகும் சுட்ட நெத்தோலிக் கருவாடும் வைத்து. இவள் நிலைப்படியில் நின்று பார்த்தாள், மெல்லக் கிட்டே போனாள், கும்பாவுக்குள் எட்டிப் பார்த்து "பொக்காளொ!" என்றாள். கருவாட்டைக் காட்டி "சுக்குவா!" என்றாள். எங்கள் வீட்டில் அவள் சத்தமாகச் சொன்ன முதல் இரண்டு சொற்கள். சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது ஒடிசாவிலும் அன்றாடச் சாப்பாடுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "இரி மக்ளே" என்று மாமியார் கும்பாவை அவள் பக்கம் நகர்த்தினார், இருவரும் ஒரே கும்பாவில் குடித்தார்கள்.

மாமியாருக்கு அவளைப் புரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் படிக்கத் தொடங்கியது மலையாளப் பள்ளிக்கூடத்தில். 1956 நவம்பர் 1-ல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தபிறகு தமிழுக்கு மாற்றிவிட்டார்கள். வகுப்பில் வாய் திறக்கவே பயமாக இருந்ததை இப்போதும் சொல்வார்.

தவறு எங்கள் மேல்தான். வயதுக்கு மூன்றாம் வகுப்பு, ஆனால் பள்ளியில் இரண்டில் உட்காரவைத்தார்கள், அது சரி. கூடவே ஒரு ஆசிரியர் "வீட்டில் அந்த பாஷையே வேண்டாம், பிள்ளை குழம்பிப்போகும்" என்றார். நாங்களும் கேட்டுக்கொண்டோம். போனில் மொழிபெயர்த்துப் பேசுவதை நிறுத்தினோம். மாவுசிக்குப் போன் போடுவதையும் தள்ளித் தள்ளிப் போட்டோம், கொடுத்த வாக்கை மறந்து. தமிழ் மளமளவென்று வந்தது. ஆறுமாதப் பரிசோதனைக்கு வந்த சமூகப் பணியாளர் வெகுவாகப் பாராட்டிவிட்டுப் போனார். அதற்குச் சில நாள் கழித்து மாமியார் சும்மா கேட்டார், உன் பாஷையில் ஒன்று, இரண்டு எண்ணிக் காட்டு என்று. எக்கொ, துய், தினி என்று வேகமாகப் போனவள் பன்னிரண்டில் நின்றாள். மறுபடி முதலில் இருந்து எண்ணினாள், மறுபடி அங்கேயே நின்றாள். அழவில்லை. விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொரியாவில் இருந்து 1950-களுக்குப் பிறகு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தத்துப்போன பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அவர்களில் பலர் வளர்ந்து ஊர் தேடி வந்தபோது, பெற்ற தாயிடம் பேச நடுவில் மொழிபெயர்ப்பாளர் உட்காரவேண்டியிருந்தது. அன்று ராத்திரி முழுக்க எனக்கு அந்த நினைப்புத்தான். இவளை வெளிநாட்டில் இருந்து கொண்டுவரவில்லை, ஒரே ரயிலில்தான் கூட்டிவந்தோம், ஆனாலும் எட்டு வருடம் அவள் பேசிய பேச்சை நாங்கள் ஆறே மாதத்தில் கழுவிவிடப் பார்த்திருக்கிறோம்.

மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். தினமும் அவள் எனக்கு ஐந்து சொல் சொல்லித்தரவேண்டும். போகொ லாகுச்சி என்றால் பசிக்கிறது. டொரொ லாகுச்சி என்றால் பயமாக இருக்கிறது, இது முதலிலேயே தெரிந்திருந்தால் எத்தனை ராத்திரிகளில் உதவியிருக்கும். நான் தமிழ் எழுத்தில் எழுதுவேன், அவள் பக்கத்திலேயே வட்ட வட்டமாக ஒடியாவில் எழுதுவாள். மறந்த எழுத்தை போனில் தேடிச் சரிபார்ப்போம். ஞாயிறு விட்டு ஞாயிறு மாவுசிக்குப் போன், இல்லத்தார் அனுமதியோடு.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டியிருந்தோம். கையெல்லாம் தேங்காய் எண்ணெய். என்ன சாப்பிட்டாய் என்று மாவுசி கேட்டிருக்கவேண்டும், இவள் "சக்கை" என்றாள். அங்கே புரியவில்லை. மறுபடி "சக்கை, சக்கை" என்றாள், அப்புறம் நிறுத்தி, போனை மார்பில் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து, "அம்மா, இதுக்கு எங்க பாஷையில என்ன?"

நோட்டில் நாற்பதாவது பக்கம். அவளே சொல்லித்தந்தது.

"பொணொசொ" என்றேன்.

"ம்ம், பொணொசொ!" என்று போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள்.