சட்டகத்துக்குள் ஏரி மண்

நிலக்காட்சிகளை ஒட்டிய சமகாலக் கலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மலை, அந்திச் சூரியன் என்று எதிர்பார்த்தவனுக்கு ஏமாற்றம்தான், நல்ல ஏமாற்றம். ஒரு சட்டகத்தில் வண்ணமே இல்லை. ஏரி மண்ணைக் குழைத்துத் துணியில் அப்பியிருந்தார்கள். காய்ந்து வெடித்த பிளவில் ஒரு புல்வேர் மயிரிழையாக நீட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே கால் மணி நேரம் நின்றுவிட்டேன். காவலாளி இரண்டு முறை செருமினார்.

ஆங்கிலேயக் கலைஞர் ரிச்சர்ட் லாங் நினைவுக்கு வந்தார். 1967-இல் புல்வெளியில் முன்னும் பின்னும் நடந்து நடந்தே ஒரு கோடு போட்டவர். அதன் புகைப்படம்தான் படைப்பு. நிலத்தைக் கவிதைக்கு அடிப்படையான முதற்பொருள் என்று தொல்காப்பியத்திலேயே இலக்கணம் எழுதிய நமக்கு இதில் வியப்பில்லை.

விளக்க அட்டைகளைத்தான் சகிக்க முடியவில்லை. மண்ணைக் காட்டிவிட்டு, ‘இருத்தலியல் பரப்பு’ என்று எதற்கு ஐயா எழுதுகிறீர்கள்?