இரண்டு பைட் நகர்ந்த இடம்

2022 மார்ச் கடைசியில் கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. யூனியன் பிளேஸில், பேரை வாவிக்குக் கிட்ட எங்கள் ஒபிஸ். ஜெனரேட்டருக்கு டீசல் கிடைத்த நேரம்தான் வேலை நேரம். அந்த வருடத்துக்குள் ஏழு பேர் இருந்த எங்கள் குழுவில் மூன்று பேர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் எங்கள் லைப்ரரியை, அதாவது மற்றப் புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பைத் தொடங்கி எழுதியவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிடுவோம்.

அந்த லைப்ரரி செய்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு சேர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினியான வேர்ச்சுவல் மெஷின், தன்னிடம் ஒரு நெட்வேர்க் கார்ட் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் அங்கே கார்டும் இல்லை, வயரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்க்கக்கூடிய ஒரு துண்டு மெமரி மட்டும்தான். ஒரு பக்கம் எழுதும், மற்றப் பக்கம் எடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிவைத்த ஒழுங்குதான் விர்ட்டியோ. பிறகு ஓயாசிஸ் அமைப்பின் கீழ் அது முறையான விதிகளாக எழுதப்பட்டது. சேர்வர் பக்கத்தில் இருந்து அந்த மெமரியைக் கையாள, நெட்வேர்க் தரவை வேகமாகக் கையாளும் டிபிடிகே என்ற திறந்த மூலத் தொகுப்பில் விஹோஸ்ட் லைப்ரரி இருக்கிறது. எங்கள் அண்ணை அதற்கு மேலே எங்களுக்கென்று இன்னொன்றைக் கட்டியிருந்தார்.

அருமையான வேலை அது, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். எந்த மெஷின் எப்போது வந்தாலும் போனாலும் நமக்குத் தேவையான இடத்தில் நம்முடைய ஃபங்ஷன் கூப்பிடப்படும். எந்தப் பாக்கெட் (நெட்வேர்க்கில் போகும் தரவுத் துண்டு) வரிசையை ப்ரொசெஸரின் எந்த கோர் பார்ப்பது என்பதை நடுவிலும் மாற்றலாம். வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் 'முடியாது' என்று நாங்கள் சொன்னதே இல்லை. ஆனால் எதை எந்த ஒழுங்கில் கூப்பிட வேண்டும், எதைக் கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பக்கத்து மேசைக்குத் திரும்பிக் கேட்டால் போதும் என்று ஐந்து வருடம் இருந்துவிட்டோம். பிறகு அந்த மேசை காலியானது.

டிபிடிகே 16.04 வெளியீட்டிலேயே விஹோஸ்டுக்கு ஒரு டிரைவர், அதாவது ஒரு கருவியைப் புரோகிராம்களுக்குப் பொதுவான முறையில் காட்டும் கோட், வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தினால் வேர்ச்சுவல் மெஷின், நிஜக் கார்ட் போல ஒரு போர்ட்டாகத் தெரியும். மெஷின் இணைந்தால் லிங்க் அப், போனால் லிங்க் டவுன். பாக்கெட் எடுக்க ஒரு ஃபங்ஷன், அனுப்ப ஒரு ஃபங்ஷன். இன்டெல் கார்டுக்கு எழுதிய அதே கோட் இதற்கும் ஓடும். எங்கள் லைப்ரரியை இந்த டிரைவருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம். பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் எனக்கு வேகம் பற்றித்தான் பயம். 10 கிகாபிட் லைனில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்துக்கு மேல். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோசெக்கன் மட்டும். அதற்குள் இன்னொரு அடுக்கா என்று யோசித்தேன். ஆனால் பாக்கெட்டுகளை 32, 32 ஆக எடுப்பதால் அந்த அடுக்கின் செலவு பிரிந்து போய்விடுகிறது. அளந்து பார்த்தபோது பயம் தேவையில்லை என்று தெரிந்தது. பிரச்சினை நான் பார்க்காத பக்கத்தில் இருந்து வந்தது.

ஒரு வாடிக்கையாளரின் பழைய மெஷினுக்குள் நெட்வேர்க்கே வேலை செய்யவில்லை. மற்ற எல்லாவற்றிலும் சரியாக ஓடியது. உள்ளே, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டால் பாக்கெட் வருகிறது, ஆனால் போக வேண்டிய முகவரி 01:00 என்று தொடங்குகிறது. அப்படித் தொடங்கினால் மல்டிகாஸ்ட், ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவது. ஆகவே இரண்டு நாள், பாக்கெட்டுகளை உரிய இடத்துக்கு அனுப்பும் சுவிட்ச் கோட்டில் மல்டிகாஸ்ட் எங்கே இருந்து வருகிறது என்று தேடினேன். மூன்றாம் நாள், திருகோணமலையில் இருந்து வந்து சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளை என் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, இது மல்டிகாஸ்ட் இல்ல. அடுத்ததைப் பாருங்கோ, 52:54 எண்டு இருக்கு. அது கியூஎமு குடுக்கிற மாக் எல்லோ?"

மாக் என்பது நெட்வேர்க் கார்டின் முகவரி, கியூஎமு என்பது வேர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள். திரையில் இருந்தது 01:00:52:54:00:12. மெஷினின் உண்மையான முகவரி 52:54:00:12:34:56. மிச்சமான 34:56, அனுப்பியவரின் முகவரிக்குள் போய் விழுந்திருந்தது. மொத்த பாக்கெட்டும் இரண்டு பைட் தள்ளிப் போயிருந்தது.

காரணம் பிறகு நிமிடத்தில் பிடிபட்டது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் விர்ட்டியோ ஒரு தலைப்பு வைக்கும். புதிய விதிப்படி அது குறைந்தது 12 பைட். பழைய மெஷின், பல பஃபர்களை (பாக்கெட் வந்து விழும் மெமரித் துண்டுகள்) சேர்த்து வாங்கும் வசதியையும் அணைத்து வைத்திருந்தால், 10 பைட். கடைசி இரண்டு பைட் பஃபர் எத்தனை என்ற எண்ணிக்கை. எங்கள் கோட் அதில் எப்போதும் 1 போடும். அந்த 1 தான் 01:00 ஆகத் தெரிந்தது. நான் சேர்த்தபோது மெஷின் எதை ஒத்துக்கொண்டது என்று கேட்பதற்கு முன்பே தலைப்பின் அளவைத் தீர்மானித்துவிட்டேன்.

அண்ணையின் பழைய கோட்டில் இதற்கு, 'இப்படியானால் இதைச் செய்' என்ற ஒரே ஒரு இஃப் வரி இருந்தது, விளக்கம் இல்லாமல். தேவையில்லாத வரி என்று நினைத்து அதை நான்தான் அழித்திருந்தேன். அன்று இரவு மெல்பேர்ணில் இருக்கும் அண்ணைக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன். "ஓம் ஓம், அது அந்த பழைய பொக்ஸுக்காகப் போட்டது, ரெண்டு கிழமை மண்டை காஞ்சது" என்றார். அவர் பட்ட இரண்டு கிழமையை நான் ஒரு விசையில் அழித்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு வேலை செய்யும் முறையையே மாற்றினேன். விளங்காத வரி எதையும் அழிக்கவில்லை. முதலில் அதற்கு ஒரு டெஸ்ட், பிறகு தான் மற்றது. லைப்ரரியை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று மற்றக் குழுக்களிடம் நேரே போய்க் கேட்டேன். அப்போதுதான், கீழ் மாடியில் இருப்பவர்கள் அதே லைப்ரரியை நெட்வேர்க்குக்கு அல்ல, டிஸ்க்குக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியவந்தது. முழுவதையும் டிரைவருக்குள் கரைத்திருந்தால் அவர்களின் வேலை நின்றிருக்கும். ஆகவே லைப்ரரியைக் கீழே அப்படியே விட்டு, நெட்வேர்க் பக்கத்தை மட்டும் டிரைவர் ஆக்கினோம். டிபிடிகேயின் டிரைவரும் அப்படித்தான், லைப்ரரிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. போர்ட் எண்ணைக் கொடுத்தால் லைப்ரரியில் அந்த மெஷினின் எண்ணைத் தரும் ஒரு ஃபங்ஷனும் அதில் உண்டு. உண்மையிலேயே தேவைப்பட்டவர் அந்த வழியால் கீழே இறங்கலாம். முதலில் இதைக் கவனித்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

நடுவில் கோர் மாற்றும் வசதியைக் கைவிட்டோம். அதைக் கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.

வேலை முடிந்த அன்று கொம்பனித்தெரு ஸ்டேஷனில் ரயில் ஏறி, வெள்ளவத்தை வரை கடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அண்ணைக்கு அந்த இஃப் வரியின் படத்தை அனுப்பினேன். அதற்கு மேலே இப்போது ஆறு வரியில் விளக்கமும் 10 எப்போது, 12 எப்போது என்ற டெஸ்டின் பெயரும் இருக்கிறது. அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பினார்.

அடுத்த கிழமை புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இரண்டாவது நாளே ஒரு போர்ட்டைச் சேர்த்து பாக்கெட் ஓட்டிக் காட்டினார். டிபிடிகே ஆவணத்தைப் பார்த்துச் செய்ததாகச் சொன்னார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.