எஃபெஸ்டியா மேசைக் குறிப்புகள்

ஜூன் 3
மாவில் விழுந்து கிடந்த சாம்பல் அந்துப்பூச்சிகள். செதில் உதிர்ந்துவிட்டால் எஃபெஸ்டியா கூனியெல்லா, கட்ரா காட்டெல்லா என்ற இரண்டு இனங்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கூனியெல்லா பெரியது, இறகு விரிப்பு 20–25 மி.மீ. ஆனால் புழுவுக்குத் தீனி போதாவிட்டால் அதுவும் குட்டையாகிவிடும். அளவை நம்பிப் பெயர் எழுத வேண்டாம்.

முதலில் குடும்பம். மூக்குபோல் நீளும் பால்ப்பு (வாயருகே உள்ள உணர்வுறுப்பு) பைராலிடேயிலும் உண்டு, கிராம்பிடேயிலும் உண்டு. வயிற்றின் அடிப்பக்கம், மார்போடு சேரும் இடத்தில் உள்ள செவியறையைத்தான் பார்க்க வேண்டும். அறை மூடியிருந்தால் பைராலிடே, திறந்திருந்தால் கிராம்பிடே.

ஜூன் 4
ஆண், பெண் பிரிப்பதில் ஒரு பொறி. பின்னிறகின் அடியில் ஒற்றை முள் என்றால் ஆண், பல முட்கள் என்றால் பெண் என்பது அந்துப்பூச்சிகளுக்குப் பொதுவான பழக்க விதி. இவை சேர்ந்த ஃபைசிட்டினே துணைக்குடும்பத்தில் பெண்ணுக்கும் ஒற்றை முள்தான்! வயிற்று நுனியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஜூன் 5
இனத்தை உறுதிசெய்யப் பிறப்புறுப்புப் பிரிப்பு. வயிற்றை மேல்நோக்கி நெம்பி முழுதாக எடுக்க வேண்டும். பாதியில் ஒடிந்தால் செவியறை மார்போடு தங்கிவிடும். 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் ஓர் இரவு. பிறகு தண்ணீரில் அலசி, 30% ஆல்கஹாலில் மெல்லிய தூரிகையால் செதிலையும் கொழுப்பையும் தள்ள வேண்டும்.

பெண்ணின் இனச்சேர்க்கைப் பை மெல்லிய சவ்வு. குளோரசால் பிளாக் சாயம் ஒரு துளி போதும். அதிகம் ஊறினால் கறுத்து, உள்ளே இருக்கும் முட்களே தெரியாமல் போகும். ஆணில் ஈடீகஸை (புணர்ச்சிக் குழலை) முன்பக்கமாக உருவித் தனியே வைக்க வேண்டும். பின்பக்கம் இழுத்தால் சுற்றியுள்ள தகடு கிழியும்.

ஜூன் 6
யூபரால் என்ற ஸ்லைடுப் பிசினில் ஒரு ஸ்லைடு பால்போல் வெளுத்தது. தண்ணீர் மிச்சம். திரும்ப எடுத்து முழு ஆல்கஹாலில் போட்டாயிற்று. ஸ்லைடு எண்ணைப் பூச்சியின் ஊசியிலும் உடனே எழுதிவிட வேண்டும். எண் தவறினால் உடல் ஒரு பக்கம், ஆதாரம் ஒரு பக்கம்.

ஜூன் 8
லேபிள். எஃபெஸ்டியா பேரினம் கெனே 1845இல் வைத்தது. கட்ரா, வாக்கர் 1864. பழைய தாள்களில் காட்டெல்லாவும் எஃபெஸ்டியாவில்தான் இருக்கும். கூனியெல்லாவை 1879இல் ஜெல்லர் எஃபெஸ்டியாவிலேயே விவரித்தார். முதலில் வைத்த பேரினத்திலிருந்து மாறினால்தான் அடைப்புக்குறி; அதனால் இங்கே அவர் பெயருக்கு அது கிடையாது. 1956இல் ஹைன்ரிக் அதை அனகாஸ்டாவுக்கு மாற்றினார்: அந்தப் பெயரில் எழுதினால் (ஜெல்லர், 1879). இப்போது எஃபெஸ்டியாவுக்கே திரும்பியாயிற்று, அடைப்புக்குறியை எடுத்துவிட வேண்டும். பழைய லேபிளைக் கழற்றாமல் அதன் கீழே புதியதைக் குத்தியிருக்கிறது.