பூவின் மணத்தை வழியிலேயே தின்னும் புகை

காற்று மாசு என்றதும் நமக்கு இருமலும் மூச்சுத்திணறலும்தான் நினைவுக்கு வரும். செடிகொடிகளை அது என்ன செய்கிறது என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2024-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே, வறண்ட நிலத்தில் ஈவினிங் பிரிம்ரோஸ் வகைச் செடி ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பூ, பொழுது சாய்ந்தபிறகுதான் விரியும். ராத்திரியில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகள் அதன் மணத்தைப் பிடித்துக்கொண்டே தூரத்திலிருந்து வந்து சேரும். அந்த மணம் பல வேதிப்பொருட்களின் கலவை, அதில் பூச்சிக்கு முக்கியமானவை மோனோடெர்பீன்கள் என்னும் எளிதில் ஆவியாகும் வாசனைப் பொருட்கள். வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு, தரையருகே மாசாகச் சேரும் ஓசோனோடு சேரும்போது நைட்ரேட் ரேடிக்கல் என்று, மற்ற பொருட்களோடு சட்டென்று வினைபுரியும் ஒன்று உருவாகிறது. பகலில் வெயில் பட்டதும் சிதைந்துவிடும், இருட்டில்தான் காற்றில் சேரும், அதாவது இந்தப் பூ மணம் விடுகிற அதே நேரத்தில். அது வேகமாக அழிப்பதும் அந்த மோனோடெர்பீன்களைத்தான். மணத்தை அப்படிச் சிதைத்து, போலிப் பூக்களில் வைத்துப் பார்த்தபோது பூச்சிகளின் வருகை 70 சதவீதம் குறைந்துவிட்டது. பூச்சி வராவிட்டால் விதையும் குறையும்.

இது வெளியே நடப்பது. இலைக்குள் நடப்பது வேறு கதை. ஓசோன் இலைத்துளை வழியாக உள்ளே போனதும் செல்களை அரிக்கத் தொடங்கும், செடியும் ஏதோ நோய்க்கிருமி தாக்கிவிட்டதைப் போலவே சாலிசிலிக் அமிலம், ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் என்று தன் தற்காப்பை எல்லாம் முடுக்கிவிடும். (ஜாஸ்மோனிக் அமிலத்தின் நெருங்கிய உறவான மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962-இல் முதன்முதலில் பிரித்தெடுத்தது நம்ம ஜாதிமல்லி எண்ணெயிலிருந்துதான்.) வளர்ச்சிக்குப் போக வேண்டிய சக்தி இதில் கரைகிறது, இலை விடும் வாசனையும் மாறிப்போகிறது.

அந்த வாசனை பக்கத்துச் செடிக்கும் தேவை. லைமா பீன்ஸ் செடியைச் சிலந்திப்பேன் கடித்தால் அதிலிருந்து வரும் வாசனையை உணர்ந்து பக்கத்துச் செடி இலையோரம் தேன் சுரக்கும், அந்தத் தேனுக்கு வரும் இரைவிழுங்கிகள் அதற்குக் காவல். ஓசோன் கூடினால் இந்தச் செய்தி போய்ச் சேரும் தூரம் குறைந்துவிடுகிறது என்று 2010-லேயே காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது இங்கிலாந்தின் ரீடிங் பக்கம் நடந்த வயல் ஆய்வைப் படித்தபோதுதான். கருங்கடுகுச் செடிகளைச் சுற்றி டீசல் புகையும் ஓசோனும் விட்டார்கள். பூச்சிகளின் எண்ணிக்கை 62 முதல் 70 சதவீதம் வரை குறைந்தது, அவை பூவில் உட்காருவது 83 முதல் 90 சதவீதம் வரை. அதிகமாக ஒன்றும் விடவில்லை, காற்றுத் தர விதிகள் அனுமதிக்கும் சராசரி அளவுக்கும் கீழேதான். அந்த அளவுகளை மறுபடி நிர்ணயிக்கும்போது நம் நுரையீரலை மட்டும் பார்த்தால் போதாது, கடுகுப்பூவுக்கு வரும் தேனீயையும் கணக்கில் எடுக்க வேண்டும்.