முன்பள்ளி ஆசிரியராக விரும்பும் தோட்டத்துத் தங்கைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டீச்சராக எங்கே விண்ணப்பிப்பது, அக்கா?" பாடசாலைப் பிள்ளைகளுக்கா, அதற்கும் சின்னவர்களுக்கா என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டுக்கும் வழி வேறு. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் மூன்றாண்டுப் பயிற்சி அரச பாடசாலை ஆசிரியர்களுக்கானது. முன்பள்ளியோ 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைக்குரிய விடயம். அதை நடத்துபவர்கள் பெரும்பாலும் தனியாரும் தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும்தான். அரச நியமனத்தை மட்டும் எண்ணி இதற்குள் வர வேண்டாம். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு நாள் முழுவதும் இருக்க மனம் உள்ளவர்கள் வாருங்கள். நீங்கள்தான் எங்களுக்கு வேண்டும்.

வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தையே முதலில் சொல்வேன். அதன் கல்விப் பீடத்தில் முன்பிள்ளைப்பருவக் கல்விக்கும் ஆரம்பக் கல்விக்குமென ஒரு துறையே இருக்கிறது. தமிழில் படிக்கலாம். கண்டிக்கும் ஹட்டனுக்கும் அப்பால் அலைய வேண்டிய தேவையும் குறைவு. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மற்றத் தகைமைகள் கற்கைநெறிக்கு ஏற்ப மாறும். அந்தந்த ஆண்டு விளம்பரத்தைப் பார்த்தே விண்ணப்பியுங்கள். உயர்தரத்தில் சித்தியடையாதவர்கள் அங்குள்ள அடிப்படைக் கற்கைநெறியைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையமான பிள்ளை மடுவத்தில் பல காலம் வேலை செய்த அக்காமாருக்கு இன்னொரு கதவும் உண்டு: தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. 4ஆம் மட்டச் சான்றிதழ். அனுபவத்தை மதிப்பிட்டும் அதை வழங்குகிறார்கள்.

விண்ணப்பத்துக்கு முன் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்த பலருக்கு மூன்றிலும் பெயர் மூன்று விதமாக இருக்கும். பிரதேச செயலகத்தில் அதைத் திருத்த நாள் எடுக்கும் என்பதால் இப்போதே தொடங்குங்கள். தபால் முகவரியாகத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் இலக்கத்தைக் கொடுப்பதைவிட, நகரத்தில் நம்பிக்கையான ஓர் உறவினரின் முகவரியைக் கொடுங்கள். தோட்ட அலுவலக மேசையில் கிடந்து பிந்திப்போன கடிதங்களால் வாய்ப்பை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

சேர்ந்த பிறகு ஒப்படைகளைத் தள்ளிப் போடாதீர்கள். தொடர் மதிப்பீட்டில் போதிய புள்ளி இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சை எழுதவே விடமாட்டார்கள். பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள், கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜே, வைகொட்ஸ்கி, மொண்டிசோரி எல்லோரையும் மனப்பாடம் செய்து விடலாம். ஆனால் வினாத்தாளில் கேட்பது, அந்தக் கருத்தை உங்கள் வகுப்பில் எப்படிக் காண்கிறீர்கள் என்பதைத்தான். அதற்கு, பிள்ளைகள் செய்வதையும் சொல்வதையும் பார்த்து எழுதும் அவதானிப்புக் குறிப்பேடுதான் உயிர்.

எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து எடுப்பதுபோல் விளையாடுவார்கள். ஷொப்பிங் பையின் காதை நெற்றியில் மாட்டிக்கொண்டு வேலியோர இலைகளைப் பறிப்பார்கள். ஒருவன் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாகிக் கொழுந்தை நிறுப்பான். ஒருமுறை நான்கு வயதுப் பையன் ஒருவன், "இருபது கிலோ, ஈர இலைக்கு ரெண்டு கழிச்சாச்சு" என்றான். உடனே கூடைக்காரி சண்டைக்குப் போனாள். இதைப் பார்த்துக் குறிப்பேட்டில் "கெட்டிக்காரப் பிள்ளைகள்" என்று எழுதினால் அது அவதானிப்பு அல்ல, உங்கள் தீர்ப்பு. யார், எத்தனை மணிக்கு, எதைக் கையில் எடுத்தார், என்ன சொன்னார் என்று அப்படியே எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்திலேயே எண்ணும் நிறையும் இருக்கின்றன. பையைக் கூடையாகப் பாவிக்கும் குறியீட்டுச் சிந்தனை இருக்கிறது. வீட்டில் அம்மா பேசுவதைக் கேட்டு வளர்ந்த மொழியும் இருக்கிறது. பியாஜே 2 முதல் 7 வயது வரை என்று வகுத்த பருவத்தை விளக்க இதைவிட நல்ல உதாரணம் பாடநூலில் கிடைக்காது. லயத்தில் வளர்ந்த நமக்கு இது கொழும்பு மாணவர்களுக்கு இல்லாத பலம் என்றே நான் நினைக்கிறேன்.

கற்பித்தல் பயிற்சிக்கு மேற்பார்வையாளர் வரும் நாளில் சுவரெங்கும் வண்ணத்தாள் ஒட்டுவதற்கு இராக்கண் விழிக்காதீர்கள். பிள்ளைகள் எதைத் தொடலாம், எதைக் கலைக்கலாம் என்பதைத்தான் மேற்பார்வையாளர்கள் பார்க்கிறார்கள். கூழாங்கல், சவுக்குக் காய், வெற்றுத் தீப்பெட்டி போதும்.

படிப்பு முடிந்ததும் குறிப்பேட்டை மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள். "எப்போது டீச்சர் பிள்ளைக்கு எழுத்துப் பழக்குவீர்கள்?" என்று மலையிலிருந்து இறங்கி வரும் தாய்மார் மாலையில் கேட்பார்கள். அவர்கள் மகன் கொழுந்து நிறுத்து விளையாடியதை எழுதிய பக்கத்தைத் திறந்து வாசித்துக் காட்டுங்கள்.