ஒரே ஊசி, இரண்டு முடிவு

குறைமாதக் குழந்தைகளையும் தாயின் சர்க்கரையையும் பற்றி வளரும் நாடுகளில் நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஒரு ஊசியிலிருந்து தொடங்குகிறேன். குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடும் போலத் தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படட்டும் என்று. 1972-ல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹவி என்ற இரு மருத்துவர்கள் இதை ஆய்வு செய்து காட்டினார்கள். விலை குறைவான மருந்து, போடுவதும் சுலபம். அப்புறம் என்ன, ஏழை நாடுகளில் எல்லா இடத்திலும் போட்டுவிட வேண்டியதுதானே?

போட்டுப் பார்த்தார்கள். அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், ஜாம்பியா என ஆறு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. மிகச் சிறிய குழந்தைகளின் சாவு குறையவில்லை, அந்தப் பகுதிகளில் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் சாவு கொஞ்சம் கூடியே இருந்தது! பிறகு 2020-ல் இன்னொரு ஆய்வு: வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் 29 மருத்துவமனைகளில். இதில் ஊசி போட்ட தரப்பில் 19.6 சதவீதக் குழந்தைகள் இறந்தன, போடாத தரப்பில் 23.5. இந்த முறை ஊசி வேலை செய்தது.

மருந்து இரண்டிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற அதே ஸ்டீராய்டுதான். முதல் ஆய்வில் ஊர்ப்புறங்களில், ஸ்கேன் இல்லாமல் கர்ப்ப வாரத்தைக் குத்துமதிப்பாகக் கணித்துப் போட்டார்கள். அதனால் தேவையில்லாத பெண்கள் பலருக்கும் ஊசி போய்ச் சேர்ந்தது. இரண்டாவதில் ஸ்கேன் பார்த்து வாரம் குறித்தார்கள், பிறந்த குழந்தையைக் கவனிக்கவும் ஆளும் இடமும் இருந்தது. என்னைக் கேட்டால், வளரும் நாடுகளின் ஆய்வு என்றாலே பலரும் மலிவான மருந்தைத் தேடி ஓடுவதற்கு இதுதான் சரியான பதில்.

இதில் சர்க்கரை எங்கே வருகிறது? அதே ஊசி தாயின் சர்க்கரையைச் சில நாட்களுக்கு ஏற்றிவிடும். ஏற்கெனவே கர்ப்பகால சர்க்கரை உள்ளவருக்குக் கேட்கவே வேண்டாம். தாயின் ரத்தத்தில் உள்ள கூடுதல் சர்க்கரை குழந்தைக்கும் போகும், குழந்தையின் கணையம் அதற்கேற்ப இன்சுலினைச் சுரந்து தள்ளும். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், இன்சுலின் மட்டும் அப்படியே இருக்கும், குழந்தையின் சர்க்கரை மளமளவென்று இறங்கும். போதாததற்கு, அந்த இன்சுலின் நுரையீரல் பக்குவப்படுவதையும் தாமதப்படுத்தும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை மூச்சுக்குத் திணறுவது இப்படித்தான். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சர்க்கரை உள்ள தாய்மாருக்கும் இந்த ஊசியைப் போடலாம் என்றது, ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாட்டோடு. குளூக்கோமீட்டர் ஸ்ட்ரிப் தீர்ந்துபோன வார்டில் இந்த 'ஏற்பாடு' என்னவாகும்?

அதற்கு முன்னால் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் வாருங்கள் என்றால் பலர் வருவதில்லை. சென்னை மருத்துவர் சேஷையா முன்வைத்த முறையில் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளூக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை. இந்திய அரசும் இதையே எடுத்துக்கொண்டது. சிலரை இது தவறவிடும் என்ற விமர்சனம் நியாயமானதுதான். ஆனால் திரும்பி வராத பெண்ணுக்குத் துல்லியமான பரிசோதனை இருந்து என்ன பயன்?

இப்படி வளரும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது கங்காரு பராமரிப்பு பற்றியது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், போதுமான இன்குபேட்டர் இல்லாத மருத்துவமனையில், குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கத் தொடங்கினார்கள். வெகுகாலம் வரை, குழந்தையின் நிலை சீரான பிறகுதான் இது என்பது விதி. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவில் பிறந்த உடனேயே தொடங்கிப் பார்த்தார்கள். 1 முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளின் சாவு 25 சதவீதம் குறைந்தது, பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். முடிவு 2021-ல் வெளியானது. தாயை வெளியே உட்கார வைக்கும் பழக்கத்தை விட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே அவருக்கும் கட்டில் போட்டார்கள், பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பையும் அங்கேயே கொடுத்தார்கள். அப்படி இருவரும் ஒரே அறையில் இருக்கும்போது, குழந்தையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் நர்ஸ் அப்படியே தாயின் விரலிலும் ஒரு சொட்டு எடுத்துவிடலாம்.